ஒரு கோடி கொடுத்தாலும்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்த என் மைத்துனர் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டார். "பத்து லட்சம் தர்றேன், ஜிம்மியைக் கொடுத்துடுறீங்களா மாமா?" ஜிம்மி எங்கள் லாப்ரடார். ஒன்பது வயதாகிறது. நான் யோசிக்கவே இல்லை, "ஒரு கோடி கொடுத்தாலும் கிடையாது" என்றேன். கல்லூரியில் படிக்கும் மகளும் அதையே சொன்னாள். என் மனைவி மட்டும் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே, "பத்து லட்சம்னா யோசிக்கலாம். வீட்டுக் கடன்ல பாதி அடையும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மகள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கும் மனசு ஆறவில்லை. இத்தனை வருஷம் அவள் கையால் சோறு தின்ற ஜீவன். இப்போதெல்லாம் மாடிப்படி ஏறவே தயங்குகிறது. மூட்டு மாத்திரையைப் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுப்பதும் அவள்தான். அவளால் எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது? நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்ற தருமர் கதையை மகள் எடுத்துச் சொன்னாள். பாசமாக வளர்த்த நாயை ஒருவர் பணத்துக்கு விற்பாரா? விற்றால் அது பாசம்தானா?

செல்வராஜ், திருப்பூர்

*

அன்புள்ள செல்வராஜ்,

முதலில் உங்கள் மைத்துனர். ஒன்பது வயது லாப்ரடாருக்குப் பத்து லட்சம் தருகிறேன் என்பவர் வாங்க வரவில்லை, உண்ட மயக்கத்தில் வம்பு வளர்க்கிறார். அந்த இனம் வாழ்வதே பத்துப் பன்னிரண்டு வருஷம். யாரும் தரப்போவதில்லை என்று தெரிந்த பணத்தை வேண்டாம் என்று சொல்வதில் நமக்குக் கைக்காசு செலவில்லை. கோடி என்ன, பத்துக் கோடியைக்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே மறுத்திருக்கலாம். உங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை நிஜமான கேள்வியாக எடுத்துக்கொண்டவர் உங்கள் மனைவி ஒருவர்தான். கடன் எவ்வளவு பாக்கி, அதில் பத்து லட்சம் எவ்வளவு என்று அந்த நொடியே கணக்குப் போட்டிருக்கிறார்.

அப்புறம், உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். தருமரோடு போனது அவர் வளர்த்த நாய் இல்லை, வழியில் தானாகக் கூடச் சேர்ந்துகொண்ட நாய். அதை விட மறுத்த அதே மனிதர்தான் சூதாட்டத்தில் தம்பிகளையும் மனைவியையும் பணயம் வைத்தவர். இந்த வழக்கில் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் இருப்பது நல்லது.

"எவ்வளவு கொடுத்தாலும் தரமாட்டேன்" என்பதைப் பாசத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. கானேமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் குவளையைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, விற்பதானால் என்ன விலை என்று அவர்களைக் கேட்டார்கள். வாங்குவதானால் என்ன தருவீர்கள் என்று குவளை கிடைக்காதவர்களைக் கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் சொன்ன விலை மற்றவர்கள் சொன்னதைவிடச் சுமார் இரண்டு மடங்கு. ஒரு பீங்கான் குவளை, அதுவும் அப்போதுதான் கைக்கு வந்தது, அதற்கே மனம் இப்படி முறுக்கிக்கொள்கிறது என்றால் ஒன்பது வருஷம் காலடியில் படுத்துக் கிடந்த உயிருக்கு ஒரு கோடி என்று வாய் சொல்வதில் அதிசயம் என்ன இருக்கிறது?

கேள்வியைத் திருப்பிப் போட்டால் விஷயம் மாறிவிடுகிறது. 2019-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் நாய் வளர்ப்பவர்களிடம் விற்பீர்களா என்று கேட்கவில்லை. நாய்களுக்கு வரும் ஒரு காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டால் சாகும் ஆபத்து இவ்வளவு குறையும், அதற்கு எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று கேட்டார்கள். அந்தப் பதில்களிலிருந்து ஒரு நாயின் உயிருக்கு என்ன மதிப்பு என்று கணக்கிட்டபோது சுமார் 10,000 டாலர் வந்தது. அன்றைய மாற்று விலையில் ஏழு லட்ச ரூபாய். உங்கள் மனைவி யோசிக்கலாம் என்று சொன்ன தொகை இதைவிடவும் அதிகம். கல்நெஞ்சக்காரி என்று சொல்ல இதில் இடமிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

நம் சட்டமும் நெடுங்காலம் நாயை விலையில்தான் அளந்தது. 1860-இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவில் ஒரு விலங்கைக் கொன்றது குற்றமாக வேண்டுமானால் அது 10 ரூபாயாவது பெறவேண்டும். 50 ரூபாய் பெறுமானால் அடுத்த பிரிவு, கூடுதல் தண்டனை. ஜிம்மியைப் போல வயதாகிப்போன நாயை நாளைக்குச் சந்தையில் நிறுத்தினால் அந்தப் பத்து ரூபாய்கூடத் தேறுமா என்பது சந்தேகம். அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில்தான் அந்த ரூபாய்க் கணக்கை எடுத்தார்கள். இப்போது எந்த விலங்கைக் கொன்றாலும் ஐந்து வருஷம் வரை உள்ளே போகலாம். ஆனால் வளர்த்த நாயைக் காரணமில்லாமல் தெருவில் விட்டுவிட்டு வருவதற்கு, 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். அது அப்படியே இருக்கிறது. திருப்பூரில் இரண்டு பேர் காலை டிபன் சாப்பிட அந்தக் காசு போதாது.

எனக்கு உறுத்துவது இந்த இடம். விற்பதைப் பற்றி நாம் இவ்வளவு கூச்சப்படுகிறோம், சும்மா கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சமும் கூச்சப்படுவதில்லை. "வீடு மாறுகிறோம். ஆறு வயது, பாசமான நாய், தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு, நல்ல வீடாக இருந்தால் இலவசமாகத் தருகிறோம்." வாட்சாப்பில் இப்படி ஒன்று வராத மாதமில்லை. கூடவே ஒரு படம், மகன் பிறந்தநாளன்று நாய்க்கும் தொப்பி போட்டு எடுத்தது. இவர்களிடம் போய் இருபதாயிரத்துக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டால் கோபம் வரும். எங்க பிள்ளை மாதிரிங்க என்பார்கள். காசு கைமாறினால் விற்றது ஆகிவிடும், மாறாவிட்டால் தானம் ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. நாய்க்கு இரண்டும் ஒன்றுதான். சொல்லப்போனால் இலவசம் அதற்கு ஆபத்தும்கூட. பெட்டை நாய் என்றால் குட்டி போடவைத்து விற்கிற ஆட்கள் முதலில் தேடுவதே இந்த மாதிரி அறிவிப்பைத்தான். நாய்களை மீட்டு வீடு பார்த்துக் கொடுக்கிறவர்கள் அதனால்தான் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள், நேரில் வந்து வீட்டைப் பார்க்கிறார்கள்.

ஊரடங்குக் காலத்தில் ஆசை ஆசையாக வாங்கிய எத்தனை நாய்கள், அலுவலகம் திறந்ததும் இப்படிக் கைமாறின. அவற்றை யாரும் கோடி கொடுத்து வாங்கவில்லை. வீட்டு ஓனர் முறைத்தார், குழந்தை பிறந்தது, நாய்க்குச் சர்க்கரை வந்தது, ஊசி போட ஆள் இல்லை. சில்லறைக் காரணங்கள்.

விற்கிறவர்கள் பாசமில்லாதவர்கள் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோவில்பட்டி பக்கம் ஒரு பெரியவர் சிப்பிப்பாறை வளர்க்கிறார். அந்தப் பகுதியில் இவை முயல் வேட்டைக்கு வளர்த்த நாய்கள். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை போன பிறகு பழைய வேலை இல்லாத நாய்கள். கன்னி என்ற இன்னொரு நாட்டு இனத்தின் குட்டியைப் பெண்ணோடு சீராகக் கொடுத்தனுப்புவார்கள், விற்கமாட்டார்கள் என்று அங்கே பழையவர்கள் சொல்வார்கள். இந்தப் பெரியவர் விற்கிறார். அவர் விற்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மதுரையிலிருந்து காரில் வந்தவர் குட்டியின் வாயைப் பிரித்துப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். பெரியவர் குட்டியைப் பார்க்கவே இல்லை, வந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்ல எடம் எம்புட்டு?" என்றார். மூன்றாவது மாடி என்றதும், "ஓட எடமில்லாட்டி இது வெறிபுடிச்ச மாதிரி ஆயிரும். வேற நாய் பாருங்க" என்று குட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கேட்ட விலைக்கு மேலே தருவதாகச் சொல்லியும் நடக்கவில்லை. அன்று சாயங்காலம் ஆட்டுக்காரர் ஒருவருக்கு அதே குட்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தார், அதிலும் கொஞ்சம் அடுத்த மாசம் தருவதாகப் பேச்சு. தாய் நாயைக் கேட்டால் மட்டும் அவர் பதிலே சொல்வதில்லை, எழுந்து உள்ளே போய்விடுவார்.

அவருக்குப் பாசம் இருக்கிறதா இல்லையா? விற்கிறாரே!

முழுக்க முழுக்கப் பணத்துக்காக நாய் கைமாறுவதும் உண்டு, அது வேறு உலகம். திபெத்தில் மேய்ச்சல்காரர்களின் கூடாரத்துக்குக் காவல் கிடந்த பெரிய மாஸ்டிஃப் நாய்களைச் சீனப் பணக்காரர்கள் அந்தஸ்துக்கு வாங்க ஆரம்பித்தார்கள். 2014-இல் ஹாங்சோ நகரத்தில் ஒன்று 1 கோடியே 20 லட்சம் யுவானுக்கு விற்றதாகச் செய்தி வந்தது. கொஞ்ச நாளில் மோகம் தீர்ந்து விலை சரிந்தது, வளர்த்தவர்கள் தீனிச் செலவுக்குப் பயந்து நாய்களை அவிழ்த்து விட்டார்கள், அவை கூட்டம் கூட்டமாகத் திபெத்திய ஊர்களில் அலைந்தன. அந்த நாய்களை வாங்கியவர்களிடம் உங்கள் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. நிலம் வாங்குகிற மாதிரி வாங்கினார்கள், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், வேறு வழியே இல்லை என்றால் என் நாயை விற்பேன். கோவில்பட்டிப் பெரியவர் மாதிரி வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து விற்பேன். கார் மாற்றுவதற்கு விற்கமாட்டேன். வீட்டுக் கடனுக்கு? அந்தக் கடனால் ராத்திரி தூக்கம் வராதவருக்கு அது ஆஸ்பத்திரி மாதிரிதான். அதை மற்றவர்கள் வெளியிலிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் தூக்கம் வராமல் கிடப்பது யார் என்று கேட்டிருக்கிறீர்களா?

ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஜிம்மிக்குச் சோறு வைப்பதும் அவர், மாத்திரை பொடிப்பதும் அவர். மழை நாளில் நடக்கக் கூட்டிப்போவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு நாயை வளர்க்க மாதம் எவ்வளவு ஆகிறது, ஒரு நாளில் எத்தனை தடவை குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது என்பது தெரிந்தவரால் பத்து லட்சம் என்றால் எவ்வளவு என்றும் யோசிக்க முடியும். உங்களுக்கும் மகளுக்கும் ஒரு கோடி சுலபமாக வந்தது. யோசிக்கலாம் என்று சொன்னவர் அன்று ராத்திரியும் தயிர்சாதம் பிசைந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மகளை இந்த வாரம் ஒருநாள் அந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள், தானாகப் பேச்சு வந்துவிடும்.

இன்னொன்று. ஒன்பது வயது லாப்ரடார் படி ஏறத் தயங்கினால் மாத்திரை மட்டும் போதாது. டாக்டரிடம் சொல்லி இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எடையையும் பாருங்கள், இந்த இனம் கொடுத்தால் தின்றுகொண்டே இருக்கும், ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் மூட்டில்தான் இறங்கும். டீ நேரத்துப் பிஸ்கட்டை நிறுத்துங்கள். அதைக் கொடுப்பது யார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் உங்கள் மனைவியாக இருக்காது என்று எனக்கு ஒரு ஊகம்.