பிள்ளை பிறந்த பின் வரும் இரண்டு மணி நேரம்

"வருமானம் குறைந்த நாடுகளில் தாயும் பச்சிளம் குழந்தையும் இறப்பதைக் குறைக்க, இருக்கிற சொற்பப் பணத்தில் முதலில் எதைச் செய்ய வேண்டும்? ஆஸ்பத்திரி கட்டுவதா, ஆம்புலன்ஸ் வாங்குவதா, மருத்துவர்களை அனுப்புவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கத்து அரசு மருத்துவ நிலையங்களில் முப்பது ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இம்மூன்றும் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மருத்துவமனைக் கட்டிலுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்து, சுகமாகப் பிள்ளையும் பெற்ற பிறகு ஒரு தாய் இறந்துபோவதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஆகவே, பிள்ளை பிறந்ததிலிருந்து முதல் இரண்டு மணி நேரம் தாயையும் சேயையும் விட்டு நகராத, கை பழகிய ஒரு செவிலியர் ஒவ்வொரு பிரசவ அறையிலும் இருக்க வேண்டும், அவருக்கு வேண்டிய மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையே முதலாவதாகச் சொல்வேன்.

2023ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலோ பேறுகாலத்தாலோ இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் அவற்றுக்கு அடுத்த நிலையிலுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். மிக ஏழ்மையான நாடுகளில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கையில் 346 தாய்மார் இறக்கிறார்கள். செல்வ நாடுகளில் அந்த எண்ணிக்கை 10தான். உதிரப்போக்கு, ரத்தக் கொதிப்பால் வரும் வலிப்பு, கிருமித்தொற்று ஆகியவையே பெரும்பான்மைக் காரணங்கள். இவற்றில் உதிரப்போக்கு, நல்ல உடல்நிலையில் இருந்தவளையும் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடக் கூடியது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருத்தி மூன்றாவது பேறுகாலத்துக்கு வந்தாள். இரவு இரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, நஞ்சுக்கொடியும் முழுதாக விழுந்தது. நானும் இன்னொரு செவிலியரும் குழந்தையைத் துடைப்பதிலும் அடுத்த கட்டிலில் வலியோடு கிடந்தவளைப் பார்ப்பதிலும் இருந்துவிட்டோம். இவளுக்கு அடியில் மடித்துப் போட்டிருந்த பழைய சேலையிலும் ரப்பர் விரிப்பிலும் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக்கொண்டிருந்தது. நான் கவலைப்பட்டுக் கேட்டபோது, "பேறுகாலம்னா ரத்தம் போகத்தானே செய்யும், தாயி" என்றார் மாமியார். எனக்கும் அப்போது பாதி நம்பிக்கை அதுவாகவே இருந்தது. அவள் இரண்டு முறை தண்ணீர் கேட்டாள். மூன்றாவது முறை, "எக்கா, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றாள். நாடி பிடித்தால் கைக்கு அகப்படவில்லை. அந்த நேரத்தில் ஒரு கார் பிடித்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், பேட்டை வருவதற்குள் உயிர் போய்விட்டது. குழந்தை என் மடியில் இருந்தது.

எவ்வளவு ரத்தம் போயிற்று என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் யாரும் அளக்கவில்லை. கண்ணால் பார்த்து மதிப்பிடும் அளவு, உண்மையில் போனதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது பிரசவம் பார்க்கும் எவருக்கும் தெரிய வேண்டிய முதல் பாடம். துணி குடித்துவிடும் ரத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்த ஒரு குறையைத்தான் எடுத்துக்கொண்டது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதி மருத்துவமனைகளில் தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்தார்கள். 500 மில்லியைத் தொட்டாலோ, அதற்கு முன்பே அறிகுறி தெரிந்தாலோ, கர்ப்பப்பையைத் தடவி இறுகச் செய்வது, அதைச் சுருக்கும் மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், காரணம் தேடும் பரிசோதனை ஆகிய ஐந்தையும், ஒன்றின் பலனுக்காகக் காத்திராமல் சேர்த்தே செய்தார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதனால் நேரும் அறுவை சிகிச்சையும் மரணமும் சேர்ந்த கணக்கு, வழக்கமான முறையே தொடர்ந்த மருத்துவமனைகளைவிட 60 விழுக்காடு குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த விரிப்புகூட இல்லாத இடத்தில், காய்ந்த துணியை நிறுத்துவைத்துக்கொண்டு நனைந்த பிறகு மீண்டும் நிறுத்தால் போதும். கூடிய ஒவ்வொரு கிராமையும் ஏறத்தாழ ஒரு மில்லி ரத்தம் என்று கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்குப் பிறகு நான் வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு தராசைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன்.

ரத்தசோகை உள்ளவளுக்கு இந்த 500 மில்லி என்ற கணக்குகூடத் தாராளமானது. காலையிலிருந்து சுளகை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றி, எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 7 என்று வரும்போது, மற்றவள் தாங்கும் இழப்பை அவள் உடம்பு தாங்காது. அவளுக்கு வைத்தியம் பிரசவ அறையில் தொடங்கக் கூடாது, நான்காம் மாதத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

மருந்து இருப்பது வேறு, வேலை செய்யும் மருந்து இருப்பது வேறு. கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் நின்ற குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் போடும் ஊசியை நம்பியிருப்பது ஆபத்து. அதே வேலையைச் செய்யும், வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. மின்சாரம் நிலையில்லாத நாடுகளுக்கு, கட்டடத்தைவிட இதை முன்னதாக வாங்கித் தரலாம் என்பது என் எண்ணம்.

குழந்தையின் கணக்கு இன்னும் நெருக்கமானது. பிறந்து மூச்சு விடாத குழந்தைக்கு ஒரு நிமிடத்துக்குள் உதவி கிடைக்க வேண்டும், அதற்கு ஒரு பையும் முகமூடியும் அவற்றைப் பிடிக்கத் தெரிந்த கையும் போதும். அடுத்து வேண்டியது கதகதப்பு. எடை குறைந்த பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் முறை, இன்குபேட்டர் பற்றாமல் போன கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் தொடங்கியது. குழந்தை நிலைப்படும் வரை காத்திராமல் பிறந்த உடனேயே அப்படி வைத்தால் இறப்பு 25 விழுக்காடு குறைகிறது என்று, இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021இல் காட்டியது. எங்கள் பக்கத்தில் இதற்குக் குறுக்கே நின்றது சேனை வைக்கும் வழக்கம். முதல் துளியாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்துவிட்டு, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவார்கள். ஆச்சிமார்களை எதிரிகளாக்காமல், சேனைக்கு வந்த பெரியவளையே அழைத்து, பிள்ளையைத் தாய் மார்பில் வைக்கச் சொல்லிவிட்டால் போதும் என்பதை நான் பிற்காலத்தில்தான் கற்றேன்.

வந்து சேர்வதும் முக்கியம்தான். எங்கள் பக்கத்துச் சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களில் பல, வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்துபோன பெண்களுக்காக அவர்கள் வீட்டார் நட்டவை. மாஞ்சோலை, ஊத்து எஸ்டேட்டுகளிலிருந்து மலைப்பாதையில் இறங்கி வந்த கர்ப்பிணிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களை நாள் நெருங்குமுன்னே கீழே வரவழைத்துத் தங்கவைப்பதே நல்லது. தமிழ்நாட்டில் 108 வந்தது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருந்தார்கள், சீமாங்க் என்ற அவசரப் பேறுகால, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையங்களில் ரத்தமும் அறுவை சிகிச்சையும் கிடைத்தன. 2018-20 கணக்கில் இந்தியா முழுமைக்கும் தாய் இறப்பு லட்சத்துக்கு 97 என்றிருக்க, தமிழ்நாட்டில் அது 54. பணக்கார நாடாகக் காத்திராமல், ஊர்தோறும் மருத்துவமாதுகளை வைத்து இதே பாதையில் நமக்கு முன்னே போனது அக்கரையிலுள்ள இலங்கை.

இரவில் ஒரே செவிலியரிடம் மூன்று பிரசவங்களை விட்டுவிட்டு, ஒன்று தவறினால் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்வதால் எதுவும் சரியாகாது. அப்படிப்பட்ட இடத்தில் குறிப்பேடுகள் மட்டும் பிறகு திருத்தி எழுதப்படும். வலியில் கத்தியவளைத் திட்டி அடக்கும் பிரசவ அறைக்கு அவளுடைய தங்கை வர மாட்டாள், வீட்டிலேயே பெற்றுக்கொள்வாள். அதனால், தாய் விரும்பும் பெண் ஒருத்தி உடன் நிற்க இடமளிப்பதைச் சலுகையாக அல்ல, சிகிச்சையின் பகுதியாகவே நான் கருதுகிறேன். கண் இருட்டுகிறது என்பதை முதலில் கவனிப்பதும் பெரும்பாலும் அவள்தான்.

ஒவ்வொரு தாயின் மரணத்தையும் மாவட்ட அளவில், இறந்தவளின் வீட்டாரையும் உட்காரவைத்து விசாரிக்கும் முறை இப்போது நம்மிடம் இருக்கிறது. பிற நாடுகள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவற்றில் இதை நான் முதலில் வைப்பேன். தண்டிப்பதற்காக அல்லாமல், எந்த மணிக்கு எவ்வளவு ரத்தம், எந்த மணிக்கு எந்த மருந்து, யார் யாரை எப்போது அழைத்தார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக அது நடக்க வேண்டும். அந்த முக்கூடல் பெண்ணின் தாளில் நேரமும் இல்லை, அளவும் இல்லை. "அதிக உதிரப்போக்கு" என்ற இரண்டு சொற்கள் மட்டும் என் கையெழுத்தில் இருந்தன.