ஆற்றங்கரையில் சிற்பமும் சுவரோவியமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்களுடையது ஆற்றோரச் சிற்றூர். கரையோர நடைபாதையில் பெரிய உலோகச் சிற்பம் ஒன்று வைக்கலாம் என்றிருக்கிறோம். முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?

பதில்: சிற்பியைத் தேடுமுன் வெள்ளம் எதுவரை ஏறும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆற்றைப் பராமரிக்கும் துறையிடம் உயர் வெள்ள மட்டம் பதிவாகியிருக்கும். பாலத்தூண்களிலும் பழைய சுவர்களிலும் குறிகளும் இருக்கும். நினைத்த இடத்தில் ஒரு கழியை நட்டு அந்த மட்டத்தை அதில் குறித்துவிடுங்கள். கூட்டம் கூட்டிப் பேசுவதைவிட அந்தக் கழி அதிகம் சொல்லும்.

சிற்பம் குறிக்குக் கீழே வருமானால் கட்டமைப்புப் பொறியாளர் இல்லாமல் ஓர் அடிகூட எடுக்காதீர்கள். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர், எதிரே நிற்கும் தட்டையான பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 250 கிலோ விசையுடன் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மிதந்துவரும் கிளைகளும் சருகும் இடுக்குகளில் சிக்கினால், காற்றோட்டமாக இருந்த வடிவமே அடைத்த சுவராகிவிடும். அதனால் நீரோட்டத்துக்குக் குறுக்கே அகலமாக நிற்காத, இடுக்கு குறைந்த வடிவமே நல்லது.

உள்ளே கூடான சிற்பத்துக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 1 கன மீட்டர் கொள்ளளவுள்ள மூடிய கூடு நீரில் மூழ்கினால் 1,000 கிலோ விசை அதை மேலே தூக்கும். அடியில் நீர் புகவும் வடியவும் துளைகள், உச்சியில் காற்று வெளியேற ஒரு துளை, இவை வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பீடத்தைச் சுற்றி வெள்ளம் மண்ணை அரிக்கும் என்பதால், அந்த அரிப்பு ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் இறங்க வேண்டும்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது போல்ட்டில்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிற்பத்தைச் சாதாரண இரும்பு போல்ட்டால் பிணைத்தால், ஈரம் பட்டதும் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். பெரிய உலோகப் பரப்புக்கு எதிரே சின்ன போல்ட் இருப்பதால், அதன் கழுத்துதான் வேகமாகக் கரையும். மேலே பளபளப்பு குறையாது, உள்ளே பிடி போயிருக்கும். சிற்பமும் போல்ட்டும் ஒரே ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். முடியாவிட்டால் நைலான் உறையும் வாஷரும் போட்டு இரண்டு உலோகங்களும் தொடாமல் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: பணத்துக்கு எங்கே போவது? எப்படிப் பங்கிடுவது?

பதில்: கட்டுமானச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கும் முறை பல நாடுகளில் உண்டு. பிரான்ஸ் 1951-இல் பள்ளிக் கட்டடங்களுக்கு அதைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா 1959-இல் தொடங்கியது. உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும் கரை பலப்படுத்தும் வேலையோடும் விளக்குக் கம்ப வேலையோடும் சேர்ந்துகொள்ளலாம். அங்கே கான்கிரீட் போடும் நாளிலேயே உங்கள் பீடத்துக்கும் போட்டுவிட்டால் பெரிய செலவு ஒன்று குறையும்.

மொத்தத்தை 100 என்று வைத்தால் நாங்கள் சொல்லும் பங்கு: கலைஞர் ஊதியம் 20, பொருளும் தயாரிப்பும் 45, அஸ்திவாரமும் ஏற்றி நிறுத்துவதும் 15, பொறியாளரும் அனுமதிகளும் 5, விளக்கும் பலகையும் 5, எதிர்பாராச் செலவு 10. பராமரிப்புப் பணம் இதில் சேராது. அதைத் தனி வைப்பாக, திறப்பு விழாவுக்கு முன்பே போட்டுவிடுங்கள். விழா முடிந்தபின் வண்ணம் திரும்பப் பூச நன்கொடை கேட்டால் கிடைப்பது அரிது.

மூன்று கலைஞர்களைத் தேர்ந்து மாதிரி வரைவு கேட்டால் மூவருக்கும் அதற்கான ஊதியம் கொடுங்கள். இலவசமாகக் கேட்பது நியாயமில்லை. வருவதும் வேறெங்கோ வரைந்த பழைய படமாகவே இருக்கும். கலைஞருக்குத் தரும் தொகையில் கடைசி 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழிந்தபின் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நன்கொடையாளர் பெயர்ப்பலகையின் அளவைப் பணம் வாங்கும்போதே பேசி முடியுங்கள். வடிவத்தைத் தேர்வது மட்டும் அவர் கையில் போகக் கூடாது.

கேள்வி: படித்துறைச் சுவரில் வரைந்த ஓவியம் ஒரே வருடத்தில் செதில் செதிலாக உரிந்துவிட்டது. பெயிண்ட் மோசமா?

பதில்: பெயிண்டைவிடச் சுவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆற்றோரச் சுவர் அடியிலிருந்து ஓதத்தை உறிஞ்சும். வழக்கமாகப் பூசும் அக்ரிலிக் பெயிண்டின் படலம் அந்த ஈரத்தை எளிதில் வெளியே விடாது. கரைந்து வந்த உப்பு படலத்தின் பின்னால் படிகமாகி அதை நெம்பித் தள்ளும். உரிந்த செதிலின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் காரணம் இதுவே.

அடுத்த முறை வரையுமுன் 45 செ.மீ. சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது ஆற வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்தெடுங்கள். கழுவினால் மறுபடி உள்ளே போகும். நீராவியை வெளியே விடும் சிலிகேட் பெயிண்ட் இங்கே பொருத்தம். ஆனால் அது சுண்ணாம்பு, சிமென்ட், கல் போன்ற கனிமப் பரப்பில்தான் பிடிக்கும்; பழைய அக்ரிலிக்கைச் சுரண்டாமல் மேலே பூசினால் வீண். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை ஓவியமே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: வைத்தபின் ஊர் எதிர்த்தால்?

பதில்: நியூயார்க்கில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1981-இல் நிறுவிய 36 மீட்டர் நீள எஃகுச் சுவர், சதுக்கத்தில் வழியை மறிக்கிறது என்ற எதிர்ப்பால் 1989-இல் அகற்றப்பட்டது. இப்படி நேராமலிருக்க, சிற்பத்தை நிறுவுமுன்பே மூங்கிலும் துணியும் கொண்டு முழு அளவில் ஒரு மாதிரி கட்டி ஒரு வாரம் அதே இடத்தில் நிறுத்துங்கள். யாருடைய வழி மறைகிறது, எந்த ஜன்னலிலிருந்து ஆறு தெரியாமல் போகிறது என்பது அதில் தெரிந்துவிடும். இடம் மாற்றவோ அகற்றவோ நேர்ந்தால் கலைஞருக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, செலவு யாருடையது, படைப்பு யாருக்குத் திரும்பும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள்.