மர்யம் யார் வீட்டுப் பெண்?

அன்புள்ள அக்கா,

அடுத்த மாதம் அம்மாவோடு துருக்கி போகிறேன். எபேசு பக்கத்தில் மாதா கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு இருக்கிறதாமே, உண்மையா? முஸ்லிம்களும் பெருந்தன்மையோடு அங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்களாம். மத நல்லிணக்கத்துக்கு எவ்வளவு அழகான உதாரணம்!

வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவைக் கூட்டிப்போவது சந்தோஷம். மலைக்காற்று குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு உண்மையா என்பதை விடுங்கள். ஜெர்மனியில் படுத்த படுக்கையாய்க் கிடந்த கன்னியாஸ்திரி எம்மெரிக் கண்ட காட்சிகளை நம்பி, 1891இல் ஸ்மிர்னா நகரிலிருந்து (இன்றைய இஸ்மிர்) போன பாதிரியார்கள் கண்டெடுத்த கல்வீடு அது. திருச்சபை இன்றுவரை தீர்ப்புச் சொல்லவில்லை.

உங்கள் 'பெருந்தன்மை'தான் எனக்கு வலிக்கிறது. அவர்கள் என்ன விருந்தாளிகளா? குர்ஆனில் பெயர் சொல்லப்படும் ஒரே பெண் மர்யம், அதாவது நம் மாதா. 19ஆம் அத்தியாயமே அவர் பெயரில்தான் இருக்கிறது. பிரசவ வலியில், பேரீச்ச மரத்தடியில் தனியாக, இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா என்று அவர் அழுகிறார். காலடியில் ஊற்று இருக்கிறது, மரத்தை உலுக்கு, பழம் உதிரும், சாப்பிடு, குடி என்று குரல் வருகிறது. நம் நற்செய்திகளில் இந்த அழுகை இல்லை. பிள்ளை பெறுகிறவளின் பசியையும் தாகத்தையும் யோசித்த வேதத்தின் மக்களிடமா பெருந்தன்மையைப் பற்றிப் பேசுவது?

நான் போனபோது, வீட்டுக்குக் கீழே ஊற்றுக் குழாயில் முக்காடிட்ட ஒரு பாட்டி தண்ணீர் பிடித்து, நிறைமாதப் பேத்தியின் வயிற்றில் தடவிக்கொண்டிருந்தார். 'மெர்யெம் அனா' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அனா என்றால் அம்மா. எங்கள் கோயிலுக்கு வந்தீர்களே என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழுமா?

அப்புறம், 'எங்கள்' என்று சொல்ல நாம் யார்? பாதிரியார்கள் வருவதற்கு முன்பே, கிர்கின்ஜே கிராமத்துக் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மக்கள் ஆகஸ்ட் 15 தோறும் அந்த மலைக்கு நடந்து வந்து மாதாவைக் கொண்டாடினார்கள். கிரேக்க-துருக்கிப் போரும், இரு நாடுகளும் செய்துகொண்ட 1923இன் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தமும் அவர்களைக் கிரேக்கத்துக்குத் துரத்தின. அவர்கள் விட்டுப்போன வீடுகளில், கிரேக்கத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் வந்து குடியேறினார்கள். நல்லிணக்கம் என்று உருகி எழுதுகிறவர்கள் அந்த ஊரின் பெயரைக்கூடச் சொல்வதில்லையே!

இப்போது அதற்கு ஷிரின்ஜே என்று பெயர். பக்கம்தான். அம்மாவுக்கு முடிந்தால் அங்கேயும் போய் வாருங்கள். வரும்போது அந்த ஊற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் எனக்கும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
அக்கா