ஆன்மிக நோக்கில் பிறரிடம் எவ்வளவு மனம் திறக்கலாம்?

மனம் திறத்தல் என்பது உள்ளே இருப்பதைத் தகுந்தவரிடம் ஒளிக்காமல் சொல்வது. இருப்பதையெல்லாம் எல்லோரிடமும் கொட்டுவதன்று. புண்ணை மருத்துவரிடம் முழுதாகக் காட்டுகிறோம், வழிப்போக்கரிடம் காட்டுவதில்லை. குறைகளைச் சொல்வது அகந்தையைக் கரைக்கும் என்பதால் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அவற்றைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் தியானத்தில் கண்ணீர் பெருகியதை நாலு பேரிடம் சொன்னவர், மறுநாள் அமரும்போது அந்தக் கண்ணீர் மீண்டும் வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பார். (பாராட்டும் கிடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.) பௌத்தத் துறவியர் விதிகளில், உண்மையாகவே அடைந்த உயர்ந்த ஆன்மிக நிலையைக்கூடத் துறவு ஏற்காதவரிடம் அறிவிப்பது குற்றம். சொல்லாமல் இருப்பதே பொய் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஏமாற்றும் நோக்கம் இல்லாத வரையில், “இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை” என்பதும் நேர்மையான பதிலே.