நெஞ்சுக் கவசம் வெடிச்சிருக்கு, பைபர் பூசக் குடுக்கலாமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி படத்தோட கேட்டிருக்கார். 2019ல வெளிநாட்டுல இருந்து எடுப்பிச்ச, வேஷத்துக்குப் போடுற வெள்ளை பிளாஸ்டிக் கவச செட், தலை, நெஞ்சு, முதுகு, தோள், கை கால் எல்லாம் சேர்த்து முழுசா, வருஷத்துக்கு நாலஞ்சு தரம் போடுறாராம். இப்ப நெஞ்சுத் துண்டுல இடது தோள் வார் பூட்டுற ஸ்க்ரூ ஓட்டையில இருந்து கீழ நாலு இஞ்சிக்கு வெடிப்பு. சுப்பர் குளூ ரெண்டு தரம் போட்டும் விட்டுப் போச்சு, தோள் ரெண்டும் மஞ்சளாகிட்டு வருது. பம்பர் ரிப்பேர் செய்ற ஒரு இடத்துல "உள்ளுக்கு முழுக்க பைபர் பூசித் தாறோம், 35,000 ரூபா, ஆயுசுக்கும் ஒன்டும் ஆகாது" என்டு சொல்லியிருக்காங்க. "அண்ணா, மூணு கிழமையில நிகழ்ச்சி இருக்கு, குடுக்கலாமா?" இதுதான் கேள்வி.

குடுக்காதீங்க தம்பி. அட்வான்ஸ் குடுத்திட்டீங்க என்டாலும் போய் சாமானத் திருப்பி எடுங்க.

ஏன் என்டு சொல்றேன். உங்கட கவசம் ஏபிஎஸ் என்ட பிளாஸ்டிக் தகட்ட சூடாக்கி, அச்சு மேல போட்டு, அடியில காத்த உறிஞ்சி எடுத்துச் செஞ்சது. கொத்துக் கடையில பராட்டா மாவ இழுத்து வீசுறதப் பாத்திருப்பீங்க, இழுபட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகிடும், அதேதான் இங்கயும் நடக்குது. 2 மில்லிமீற்றர் தகடு அச்சுல ஆழமா இறங்குற மூலையில 1 மில்லிமீற்றருக்குக் கிட்ட மெலிஞ்சிரும். அந்த மெல்லிசான பிளாஸ்டிக் நீங்க மூச்சு விடேக்க, கையத் தூக்கேக்க எல்லாம் வளைஞ்சு குடுத்து வேலை செய்யுது. பைபர் என்டு இவங்க பூசுறது கண்ணாடி நாரும் பொலியெஸ்டர் ரெசின் என்ட பிசினும், அந்த ரெசினுக்குள்ள ஸ்டைரீன் இருக்கு, ஸ்டைரீன் ஏபிஎஸ்ஸக் கரைக்கிற சாமான், பூசின உடனே மெல்லிசான இடம் இளகி நெளிஞ்சிரும். நெளியாமத் தப்பினாலும், காய்ஞ்ச பிறகு பைபர் ஓடு கல்லு மாதிரி நிக்கும், அதை ஒட்டின ஏபிஎஸ் வளையப் பாக்கும், ரெண்டும் சந்திக்கிற விளிம்புல புதுசா வெடிக்கும். கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு பிள்ளை இப்படிப் பூசின நெஞ்சுத் துண்டைக் கொண்டு வந்து காட்டினார், பழைய வெடிப்பு அப்படியே இருக்கு, பைபர் முடியிற கோட்ட வழியே சுத்திவர புது வெடிப்பு, பாரமும் ரெண்டு மடங்கு. அதை எடுத்துக் கையில பிடிச்சுக்கொண்டு எனக்குக் கதைக்கவே ஏலாமப் போச்சு, ஏன் என்டா அந்தப் பிள்ளை சம்பளக் காசுல மாசம் மாசம் சேர்த்து வாங்கினது அது.

இன்னொரு கூட்டம் இருக்கு, சூட்டுக் கம்பிய பிளாஸ்டிக்குக்குள்ள இறக்கி பம்பர் தைக்கிற மாதிரி தைச்சுத் தாறோம் என்பாங்க. பம்பர் வேற பிளாஸ்டிக், அதிகமா பொலிப்ரொப்பிலீன், 3 மில்லிமீற்றர் மொத்தம். உங்கட கவசத்துல அந்தக் கம்பி மறுபக்கத்தால வெளிய வந்திரும். இவங்க கெட்டவங்க என்டு நான் சொல்ல வரல்ல, பம்பருக்குப் பழகின கை, ஆனா "இது எனக்குத் தெரியாத சாமான்" என்டு சொல்ற பழக்கம் இந்த ஊர்ல ஒருத்தருக்கும் இல்ல, அதான் எனக்குக் கோபம்.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல அது ஏபிஎஸ்தானா என்டு பாருங்க. விக்கிறவங்க ஏபிஎஸ் என்டு சொல்லி ஹிப்ஸ் என்ட மலிவான தகட்டையும் தள்ளிவிடுறாங்க. வெளியில தெரியாத ஓரத்துல சும்மா ஒரு சின்னத் துண்டு வெட்டி, கண்ணாடிப் போத்தல்ல போட்டு, அசிட்டோன் ஊத்தி ஒரு இரவு வையுங்க. ஏபிஎஸ் என்டா காலையில தேன் பதத்துல ஒரே பாகா இருக்கும், ஹிப்ஸ் என்டா அப்படி வழுவழுப்பா கரையாம கொழகொழ என்டு ரப்பர் மாதிரி நிக்கும். அசிட்டோன் பைபர் சாமான் விக்கிற கடைகள்ல கிடைக்கும், நகப்பூச்சு அழிக்கிற போத்தல வாங்காதீங்க, அதுல எண்ணெய் கலப்பு இருக்கும், சிலதுல அசிட்டோனே இல்ல. அடுப்புக்குக் கிட்ட வெச்சு வேலை செய்ய வேணாம், ஆவியே பத்தும். த்ரீடி பிரிண்ட் எடுத்த ஹெல்மெட் வெச்சிருக்கிற ஆட்களுக்கு நான் இங்க சொல்ற ஒட்டு வேலை அப்படியே பொருந்தாது.

இப்ப வெடிப்பு. நீங்க விட்ட பிழை, வெடிப்ப மூடப் பாத்தீங்க, அத நிப்பாட்டல்ல. பின்னால டோர்ச் அடிச்சு, துண்ட மெதுவா வளைச்சுப் பாருங்க, கோடு முடியிற இடத்துக்கு அப்பால மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைத் தடம் தெரியும். பிளாஸ்டிக் அங்க ஏற்கனவே உள்ளுக்குள்ள கிழியத் தொடங்கிட்டு, உண்மையான முனை அதுதான். அந்த வெள்ளைத் தடத்தின்ட கடைசியில 2 மில்லிமீற்றர் ட்ரில் பிட்ட விரலால சுத்திச் சுத்தி ஒரு ஓட்டை போடுங்க, மெசின் வேணாம், வேகத்துல உருகும். கூரான முனையில சேருற இழுவை வட்ட ஓட்டையில பரவிப் போயிரும், அதுக்கு மேல வெடிப்பு ஓடாது. ஓட்டை போடவா, இன்னும் கெட்டுப் போகாதா என்டு எல்லாரும் பயப்படுறாங்க, போடுங்க, ஒன்டும் ஆகாது.

பிறகு பழைய சுப்பர் குளூவ பிளேடால சுரண்டி, 120 நம்பர் சாண்ட்பேப்பரால தேயுங்க. இங்க கவனம், சுப்பர் குளூவ அசிட்டோன் கரைக்கும் என்டு யாராவது சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா கவசத்தையும் சேர்த்துக் கரைக்கும்.

பின்பக்கம் அதே ஏபிஎஸ்ல ஒரு பட்டி ஒட்ட வேணும். ஒன்டரை இஞ்சி அகலம், வெடிப்ப விட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்சி கூட நீளம், மூலைகள வட்டமா வெட்டுங்க. செட்டோட வந்த வெட்டுத் துண்டுகள எறிஞ்சிட்டீங்க என்டா, பழைய கொம்பியூட்டர் மொனிட்டர், டெலிபோன் இதுகளின்ட மூடிய கழட்டி உள்பக்கம் பாருங்க, அம்புக்குறிக்குள்ள ஏபிஎஸ் என்டு ஆங்கில எழுத்துல அச்சடிச்சிருக்கும். தட்டையான இடமாப் பாத்து பிளேடால ரெண்டு மூணு தரம் கீறி முறிச்சா நேரா வரும். ரெண்டு பக்கத்தையும் தேய்ச்சுத் துடைச்சிட்டு வளைஞ்சு குடுக்கிற கம்மால ஒட்டுங்க. கவசம் போடுற ஆட்கள் உலகமெங்கும் பாவிக்கிறது ஈ6000. இங்க அத வாங்கப் போய்த்தான் பலபேர் ஏமாறுறீங்க. ஒன்லைன்ல "ஒரிஜினல் இம்போர்ட்" என்டு விக்கிற டியூப் சிலதுல வாய்ப் பக்கம் சீல் இல்ல, பின்பக்க மடிப்பு ரெண்டு தரம் மடிச்ச அடையாளம், உள்ள என்னத்த நிரப்பியிருக்கோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். போன் ரிப்பேர் கடைகள்ல பி7000 என்டு ஒன்டு இருக்கு, லிபர்ட்டி பிளாசா பக்கம் கேட்டாலே குடுப்பாங்க, டிஸ்ப்ளே ஒட்டுறது, ஈ6000 அளவுக்குப் பலம் இல்லாட்டியும் இந்த வேலைக்குக் காணும். பூசி, உடுப்பு கிளிப்பாலயோ காந்தத்தாலயோ இறுக்கி மூணு நாள் தொடாதீங்க. ஒரு நாள்ல காயும் என்டு டியூப்ல எழுதியிருக்கலாம், நீங்க மூணு நாள் விடுங்க.

முன்பக்கக் கோட்டுக்கு அந்த அசிட்டோன் பாகு. தீக்குச்சியால வெச்சு அடைச்சு, ஒரு நாள் விட்டா உள்வாங்கும், திரும்ப வெச்சு, ரெண்டு நாள் காய விட்டு, 400, 800, 1200, 2000 என்டு தண்ணி தொட்டுத் தேய்ச்சு பொலிஷ் போடுங்க.

சுப்பர் குளூ கவசத்துக்கு ஆகாது, காய்ஞ்சா கண்ணாடி மாதிரி, வளையாது, முறியும். ஒரே ஒரு இடம் விலக்கு, அத வடிவா விளங்கிக்கொள்ளுங்க, ஏன் என்டா அரைகுறையா விளங்கிக்கொண்டுதான் எல்லாரும் எல்லாத்துக்கும் அத பாவிக்கிறாங்க. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கு, ஒரு துண்டு முறிஞ்சு கையோட வந்திட்டு, இன்னும் ரெண்டு மணித்தியாலம் நிக்க வேணும், அப்ப மட்டும். அப்பவும் முறிஞ்ச விளிம்பு ரெண்டும் சுத்தமா ஒன்டோட ஒன்டு பொருந்தினா மட்டும், இடைவெளி இருந்தா வேணாம். அப்பவும் விளிம்பு முழுக்கப் பூசாம ரெண்டு அங்குலத்துக்கு ஒரு சொட்டு, பின்னால துணி டேப், முன்னால ஒன்டும் இல்ல. வெள்ளை நிறம் இல்லாத துண்டு, கறுப்போ பெயின்ட் அடிச்சதோ என்டா கம்மின்ட புகை வெள்ளையாப் படிஞ்சிரும், அப்ப இந்த விலக்கும் இல்ல. வீட்டுக்கு வந்து அன்டைக்கே கழட்டி, சுரண்டி, முறையா ஒட்ட வேணும், "பிடிச்சிருக்குத்தானே" என்டு அடுத்த நிகழ்ச்சி வரைக்கும் விட்டா அந்த விலக்குக்கு அர்த்தமே இல்ல. நீங்க ரெண்டு தரம் செஞ்சது அதுதான்.

வெடிப்பின்ட மூல காரணம் அந்த ஸ்க்ரூ. வார் நைலோன், இழுபடாது, நீங்க கையத் தூக்கினா முழு இழுவையும் ஒரு ஓட்டையில. அந்த ஓட்டைய இனிப் பாவிக்காதீங்க. ரெண்டு இஞ்சி சதுர நைலோன் பட்டியில பிரஸ் பட்டன் அடிச்சு, ஓரத்த மெழுகுதிரியில சுட்டு, அதே கம்மால உள்பக்கம் ஒட்டி, தோள் வார லாஸ்டிக்கா மாத்துங்க. புறக்கோட்டை மெயின் ஸ்ட்ரீட் பக்கம் லேஸ், லாஸ்டிக் விக்கிற கடைகள்ல கஜக் கணக்குல கிடைக்கும், தடிப்பானதா எடுங்க. கொழும்பு வேர்வைக்கும் ஈரக் காத்துக்கும் லாஸ்டிக் சீக்கிரம் செத்துப் போகும், இழுத்துவிட்டா உள்ள ரப்பர் நொறுங்குற சத்தம் கேக்கும், அப்ப மாத்த வேணும், வருஷத்துக்கு ஒருக்கா எப்படியும் மாத்துங்க.

புது நெஞ்சுத் துண்டு வரவழைப்போமா என்டு கடைசி வரியில கேட்டிருக்கீங்க. வரவழைக்கலாம், ஆனா மூணு கிழமைக்குள்ள கையில கிடைக்கும் என்டு நம்பி இருக்காதீங்க. எனக்கு ஒருக்கா வந்த பார்சலுக்கு, கஸ்டம்ஸ்ல ஒரு கவுண்டர்ல பிளாஸ்டிக் சாமான் என்டாங்க, அடுத்ததுல விளையாட்டுச் சாமான், மூணாவது ஆள் தலைக்கவசத்தப் பாத்திட்டு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டா என்டு கேட்டார். ஒவ்வொன்டுக்கும் வேற வேற வரி. எந்த வகையில சேரும் என்டு முன்கூட்டியே ஒரு சாதாரண ஆளுக்கு விளங்குற மாதிரி சொல்ல ஒரு ஆள் இல்ல, ஒரு நாள் லீவு போட்டு வரிசையில நின்டு சண்டை பிடிக்க வேணும், இத்தனை வருஷமா இதே கதை. அந்த வரிசையிலதான் "நான் பேசி எடுத்துத் தாறேன்" என்டு ஒருத்தர் வருவார். அவர்ட கையில காசு குடுக்காதீங்க. வரி எவ்வளவு என்டு அச்சடிச்ச கடதாசிய உங்கட கண்ணால பாத்து, நீங்களே கட்டி, ரிசீட்ட நீங்களே எடுங்க.

மஞ்சள் நிறத்துக்கு வாறேன். அது அழுக்கு இல்ல, வெயில்ல இருக்கிற புறஊதாக் கதிர் பட்டு பிளாஸ்டிக்கே மாறுறது, தேய்ச்சுக் கழுவிப் போகாது. சலூன்ல முடிக்குப் போடுற 12 சதவீத பெரொக்சைட் கிறீம பூசி வெயில்ல வெச்சா வெளுக்கும் என்டு வீடியோ வருது. வெளுக்கும்தான், திட்டுத் திட்டா, பிறகு திரும்ப மஞ்சளாகும், இந்த மெல்லிசான துண்டுக்கு நான் செய்ய மாட்டேன். அத விட்டிட்டு இனிமேல் யன்னலுக்குப் பக்கத்துல மாட்டி வைக்காதீங்க, தோள் மட்டும் மஞ்சளாகியிருக்கிறதப் பாத்தா நீங்க அப்படித்தான் வெச்சிருக்கீங்க. துண்டு துண்டா துணியில சுத்தி, அலுமாரிக்குள்ள, ஒன்டுக்கு மேல ஒன்டு பாரம் ஏத்தாம. வெயில்ல பூட்டின காருக்குள்ள விட்டிட்டுப் போகவே வேணாம், உள்ள 60 பாகையத் தாண்டும், இறுக்கி அடுக்கின துண்டு நெளிஞ்சுதான் வெளிய வரும்.

கழுவுறதுக்கு இளஞ்சூட்டுத் தண்ணி, சவர்க்காரம், மெல்லிசான துணி, அவ்வளவுதான். தின்னர் எந்தக் காரணத்துக்கும் கிட்டக் கொண்டு வராதீங்க, பெற்றோலும் அப்படித்தான். பின்னேர நிகழ்ச்சி என்டா நுளம்புக்குப் பூசுற மருந்தும் கவனம், அதுல டீட் என்ட சாமான் இருந்தா பிளாஸ்டிக்கக் கரைக்கும். டெங்குக்குப் பயந்து கையில பூசிக்கொண்டு ஒருத்தர் தலைக்கவசத்தத் தூக்கினார், அவர்ட பெருவிரல் ரேகை நெத்தியில கோடு கோடா அப்படியே பதிஞ்சு நிக்குது, இன்டைக்கும் என்ட மேசையில இருக்கு. பூச வேணும்தான், பூசிட்டு கைய சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டுத் தொடுங்க.

மூணு கிழமை காணும். இந்த சனிக்கிழமை ஓட்டையும் பட்டியும், செவ்வாய்க்கிழமை பாகு வைக்கத் தொடங்குங்க, வெள்ளிக்கிழமை தேய்ச்சு முடிஞ்சா அடுத்த சனி லாஸ்டிக். எல்லாம் பூட்டினதும் முழுசாப் போட்டுக்கொண்டு குனிங்க, ரெண்டு கையையும் மேல தூக்குங்க, கதிரையில இருந்து எழும்புங்க. எங்கயாவது "டிக்" என்டு சத்தம் கேட்டா அந்த இடத்த பென்சிலால அடையாளம் போட்டு, உள்பக்கம் வெளிச்சம் பட ஒரு படம் எடுத்து அனுப்புங்க.