சின்ன எவர்சில்வர் ரைஸ் குக்கர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வீட்டில் சோறு வடிப்பதும் பெரும்பாலும் நான்தான். எவர்சில்வர் உள்பாத்திரம் வைத்த சின்ன ரைஸ் குக்கர் பற்றி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

அண்ணா, நாங்க ரெண்டே பேர்தான். 0.6 லிட்டர், 1 லிட்டர், 1.8 லிட்டர்னு கடையில சொல்றாங்க. எதை வாங்கறது?

லிட்டர் கணக்கை நம்பி வாங்காதீர்கள் அம்மா. சில கம்பெனிகள் எவ்வளவு அரிசி போடலாம் என்பதை லிட்டரில் சொல்கின்றன. சில கம்பெனிகள் பாத்திரத்தின் மொத்தக் கொள்ளளவைச் சொல்கின்றன. இரண்டுக்கும் ஏகப்பட்ட வித்தியாசம். அதனால் கடையில் "எத்தனை கப் அரிசி வேகும்?" என்று மட்டும் கேளுங்கள். குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லி. அதில் ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும். நம் பழைய ஆழாக்கு 168 மில்லி என்பதால் வீட்டில் ஆழாக்கு இருந்தால் அதையே வைத்து அளக்கலாம், பெரிய வித்தியாசம் வராது.

அரிசிக் கணக்கில் 1 லிட்டர் என்றால் ஐந்தரைக் கப், 1.8 லிட்டர் என்றால் பத்துக் கப். இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு கப் போதும். விருந்தாளி வந்தால் நாலு கப். ஆகவே அரிசிக் கணக்கில் 1 லிட்டர் உள்ளது உங்களுக்குச் சரி. புழுங்கல் அரிசிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும் என்பதால் குக்கரின் அதிகபட்ச அளவு வரை அரிசி போடாதீர்கள், வழிந்துவிடும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 1.8 வாங்குவதும் வேண்டாம். அகலமான பாத்திரத்தில் ஒரு கப் அரிசி மெல்லிய படலமாகப் பரவும், தண்ணீர் சீக்கிரம் வற்றும், மேல் அரிசி விறைத்தும் அடி அரிசி காய்ந்தும் போகும்.

நான்ஸ்டிக் புற்றுநோய் வரும், அலுமினியம் மறதி நோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அதனால் எவர்சில்வர் வாங்க நினைக்கிறேன். சரியா?

எவர்சில்வர் வாங்குங்கள், நல்ல முடிவுதான். ஆனால் பயந்துபோய் வாங்க வேண்டாம். நான்ஸ்டிக் பூச்சு சிதையத் தொடங்குவது சுமார் 260 டிகிரிக்கு மேல். தண்ணீர் இருக்கிற வரை சோறு 100 டிகிரியைத் தாண்டாது. ரைஸ் குக்கர் ஒழுங்காக வேலை செய்தால் 260 பக்கம் போகவே போகாது. நான்ஸ்டிக்கின் உண்மையான குறை ஆயுள்தான். எவர்சில்வர் கரண்டி பட்டால் கீறும், கம்பி நார் போட்டால் உரியும், சில வருடத்தில் பாத்திரம் மாற்ற வேண்டி வரும். அலுமினியத்தில் புளி, எலுமிச்சை, தக்காளி சேர்த்துச் சமைத்தால் உலோகம் கொஞ்சம் கரையும், பாத்திரம் கறுக்கும். சாம்பார் சாதம், தக்காளி சாதம் அடிக்கடி செய்கிறவர்களுக்கு எவர்சில்வர் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

எவர்சில்வருக்கும் ஒரு குறை உண்டு. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். அது வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும், அலுமினியத்தோடு பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடியில் சூடு படுகிற இடம் மட்டும் காயும், பக்கத்துக்குப் பரவாது. அதனால்தான் பல எவர்சில்வர் பாத்திரங்களில் அடிப்பிடிக்கிறது. இதற்கு மாற்றாக வெளியிலும் உள்ளிலும் எவர்சில்வர், நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்குப் பாத்திரங்கள் வருகின்றன. விலை கூடுதல். கொடுக்கலாம் என்பது என் கருத்து. மற்ற வசதிகளில் பணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மூடி, டிஜிட்டல் திரை, பத்து பட்டன் எதுவும் சோற்றை மாற்றாது. பாத்திரத்தின் அடி மாற்றும்.

304 கிரேடா என்று காந்தம் வைத்துப் பார்க்கலாம் என்கிறார்களே?

பாதி உண்மை. 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த எஃகு. காந்தம் பொதுவாக ஒட்டாது. ஆனால் நிக்கல் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201, 202 ரகங்களிலும் காந்தம் ஒட்டுவதில்லை. ஆகவே ஒட்டினால் அது 304 இல்லாத வேறு ரகமாக இருக்கலாம். ஒட்டவில்லை என்பதற்காக 304 என்று சொல்லிவிட முடியாது. பாத்திரத்திலோ பெட்டியிலோ கிரேடு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

சார், புது எவர்சில்வர் குக்கர். தினமும் அடியில் ஒரு வட்டம் பழுப்பாகப் பிடிக்கிறது. குக்கர் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. குக்கர் எப்படி அணைகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். ஹீட்டர் தட்டின் நடுவில் ஸ்பிரிங் மேல் ஒரு சின்ன வட்டம் துருத்திக்கொண்டு இருக்கும். அதற்குள் காந்தம் இருக்கிறது. பாத்திரத்தின் அடி அதை அழுத்திக்கொண்டு உட்காரும். தண்ணீர் இருக்கும் வரை அடி 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். தண்ணீரெல்லாம் அரிசிக்குள் போனதும் சூடு ஏறும். 100ஐத் தாண்டிச் சில டிகிரி போனதும் அங்குள்ள உலோகம் காந்தப் பிடிப்பை இழக்கும், ஸ்பிரிங் இழுத்துவிடும், "டக்" என்று சுவிட்ச் மேலே வரும். அரிசி வெந்ததா என்று குக்கருக்குத் தெரியாது. நேரமும் தெரியாது. அடியின் சூடு ஒன்றுதான் தெரியும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது அடியும் தட்டும் சேர்கிற இடம். ஹீட்டர் தட்டு லேசாகக் குவிந்திருக்கும், அதற்கேற்ப பாத்திரத்தின் அடி குழிந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. தட்டு ஆறிய பிறகு துணியால் துடையுங்கள். பாத்திரத்தின் வெளிப்பக்க ஈரத்தையும் துடைத்துவிட்டு வையுங்கள். வைத்ததும் இரண்டு கையாலும் இடமும் வலமும் லேசாகத் திருப்பினால் சரியாக உட்காரும். கீழே விழுந்து அடி நசுங்கிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு போராடாதீர்கள், அதே மாடல் பாத்திரம் வாங்கிவிடுங்கள். பாத்திரக் கடையில் "இதே சைஸ்" என்று தரும் எவர்சில்வர் குண்டா வாய் பொருந்தும், அடி பொருந்தாது.

அடுத்தது அரிசியைக் களைவது. கழுநீர் ஓரளவு தெளியும் வரை மூன்று, நாலு முறை களையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் அடியில் படிந்து முதலில் பிடிக்கிறது. அரிசி போடும் முன் பாத்திரத்தின் அடியில் அரை ஸ்பூன் நல்லெண்ணெய் தடவலாம்.

சுவிட்ச் மேலே வந்ததும் மூடியைத் திறக்காதீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். மேலிருக்கும் ஈரம் கீழே இறங்கி, ஒட்டிய அடி தானாக இளகும். அப்புறம் மரக்கரண்டியால் ஓரத்திலிருந்து புரட்டிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மெல்லிய பழுப்பு ஏடு வந்தால் அது எவர்சில்வரின் இயல்பு. பாத்திரத்தைக் காலி செய்ததும் தண்ணீர் ஊற்றி ஊற வையுங்கள், தானாகக் கழன்று வரும்.

புழுங்கல் அரிசிக்கு எத்தனை தண்ணீர்? பாத்திரத்தில் போட்டிருக்கிற கோடு வரை ஊற்றினால் சோறு விதை விதையாக இருக்கிறது.

அந்தக் கோட்டை மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் பச்சரிசி மாதிரி சீக்கிரம் வேகும் அரிசிக்குப் போட்டது. ஒரு கப் அரிசிக்கு நான் தொடங்கும் அளவு இது: பாஸ்மதிக்கு ஒன்றரை, சீரகச் சம்பாவுக்கு ஒன்றேமுக்கால், பச்சரிசிக்கு இரண்டு, பொன்னி புழுங்கலுக்கு இரண்டேமுக்கால் முதல் மூன்று, கேரள மட்டைக்கு மூன்றரைக்குக் குறையாமல். பாஸ்மதியும் சீரகச் சம்பாவும் இருபது நிமிடம் ஊறினால் போதும். புழுங்கல் முக்கால் மணி நேரம், மட்டை இரண்டு மணி நேரம் ஊற வேண்டும்.

பழைய அரிசி கூடக் கேட்கும், புது அரிசி குறைவாகக் கேட்கும். மூட்டை மாறும்போது கால் கப் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். உங்கள் குக்கருக்கும் உங்கள் அரிசிக்குமான அளவு பிடிபட்டதும் அதை டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவையுங்கள். வேறு யார் சமைத்தாலும் சோறு ஒரே மாதிரி வரும்.

பொங்கி வழிந்து மேடையெல்லாம் கஞ்சி.

அரிசி அதிகம், அல்லது களைந்தது போதாது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் அரிசியும் தண்ணீரும் போகக்கூடாது. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். வழிந்த கஞ்சி தட்டுக்குள் இறங்கியிருந்தால் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, துடைத்துக் காய்ந்த பிறகுதான் மறுபடி போட வேண்டும்.

நாங்கள் கொடைக்கானலில் இருக்கிறோம். கோவையில் நன்றாக வேலை செய்த அதே குக்கர் இங்கே அரைவேக்காடாகத் தருகிறது.

உயரம்தான் காரணம். சுமார் 2,100 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு குறைவு என்பதால் அரிசி வேக அதிக நேரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தன் வேகத்தில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அரிசி வேகும் முன்னே அடி காய்ந்து சுவிட்ச் மேலே வந்துவிடும். இருமடங்கு நேரம் ஊற வையுங்கள், அரை கப் தண்ணீர் கூட்டுங்கள், அணைந்த பிறகு இருபது நிமிடம் மூடியே வையுங்கள். புழுங்கல் அரிசிதான் தினமும் என்றால் உங்கள் ஊருக்கு பிரஷர் குக்கர் பொருத்தம். அதன் உள்ளே 120 டிகிரி வரை ஏறுவதால் மலையின் பாதிப்பு அவ்வளவாகத் தெரியாது.

டொராண்டோவில் இருக்கும் மகளுக்கு இங்கிருந்து எவர்சில்வர் குக்கர் வாங்கி அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் அம்மா. கனடாவில் 120 வோல்ட், நமக்கு 230. நம் குக்கரை அங்கே செருகினால் கால் பங்கு சூடுதான் வரும், அரிசி ஊறிக் குழையும், வேகாது. அங்குள்ள குக்கரை இங்கே கொண்டுவந்து செருகுவது இன்னும் மோசம். மூன்றரை மடங்கு சக்தி பாய்ந்து உடனே எரிந்துவிடும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்றால் வோல்டேஜ் பிரச்சினை இல்லை, பிளக் மட்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

நேரடியாகத் தட்டில் வைக்காமல், வெளிப்பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேகும் குக்கர் பார்த்தேன். நல்லதா?

எவர்சில்வருக்கு அதுதான் மிகப் பொருத்தம். ரைஸ் குக்கர் வீடுகளுக்கு வந்ததே அப்படித்தான். 1955ல் ஜப்பானில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் தானியங்கிக் குக்கரில் வெளிப்பாத்திரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அது வற்றியதும் சூடேறி தானாக அணையும். தைவானில் தாதுங் கம்பெனி 1960லிருந்து அந்த வகையை விற்கிறது. உள்ளே வைக்கும் பாத்திரத்தைச் சுற்றிலும் ஆவி சூழ்வதால் எவர்சில்வர் அடிப்பிடிப்பதில்லை. வீட்டிலிருக்கும் எந்த எவர்சில்வர் பாத்திரமும் உள்ளே அடங்கினால் போதும், அடி குழிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நேரம் மட்டும் கூடுதலாகும். நம் ஊர்க் கடைகளில் அரிதாகத்தான் கிடைக்கும். சர்வீஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அண்ணா, தாளித்து அப்படியே தக்காளி சாதம் செய்யலாமா? சுவிட்ச் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஸ்பூனை முட்டுக் கொடுத்து வைக்கலாமா?

தயவுசெய்து முட்டுக் கொடுக்காதீர்கள் தம்பி. தண்ணீர் இல்லாத பாத்திரம் உடனே 100ஐத் தாண்டும், அதனால்தான் சுவிட்ச் மேலே வருகிறது. அதை அழுத்திப் பிடித்தால் சூடு ஏறிக்கொண்டே போய், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்க உள்ளே வைத்திருக்கும் தெர்மல் ஃப்யூஸ் போய்விடும். அது ஒரு முறைதான் உயிர் காக்கும், பிறகு மாற்ற வேண்டும். விலை மிகக் குறைவு. ஆனால் சில மெக்கானிக்குகள் ஃப்யூஸை எடுத்துவிட்டு ஒயரை நேராகச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த குக்கர் வெளியில் பார்க்க நன்றாக ஓடும், ஒருநாள் சுவிட்ச் சிக்கிக்கொண்டால் தீப்பிடிக்கும். பழுது பார்த்து வாங்கும்போது "பழைய ஃப்யூஸைக் காட்டுங்கள், புதுசு போட்டீர்களா?" என்று கேட்டே வாங்குங்கள்.

தாளிப்பை அடுப்பில் கடாயில் செய்து, தக்காளி வதங்கியதும் அப்படியே குக்கரில் கொட்டி, அரிசியும் தண்ணீரும் சேருங்கள். வெங்காயம், தக்காளியில் இருக்கும் ஈரத்துக்காகத் தண்ணீரைக் கால் கப் குறையுங்கள்.

ராத்திரி வைத்த சோற்றை காலை வரை "கீப் வார்ம்"ல் விடலாமா?

நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ருசியும் கெடும், அடியும் காயும். அதைவிட ஆபத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடிய குக்கரிலேயே இரவெல்லாம் விடுவது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதியில் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து, மறுபடி சூடாக்கினாலும் அழியாத விஷத்தை உண்டாக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். மிச்சச் சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பாத்திரத்துக்குள் வானவில் மாதிரி நிறமும் வெள்ளைத் திட்டும். துருவா?

துரு இல்லை. நிறம் சூட்டால் வருவது, வெள்ளை உங்கள் தண்ணீரின் உப்பு. எலுமிச்சைச் சாறோ வினிகரோ தண்ணீரில் கலந்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்தால் போகும். அடியில் சின்னச் சின்னக் குழி இருந்தால் அது வேறு: குளிர்ந்த தண்ணீரில் கல் உப்பைப் போட்டு, அது கரையாமல் அடியில் கிடந்ததால் வருவது. உப்பைக் கொதி வந்த பிறகு போடுங்கள், அல்லது முதலிலேயே நன்றாகக் கலக்கிவிடுங்கள்.

குக்கரைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. எவர்சில்வர் என்பதாலா?

உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். வெளிக்கூடும் எவர்சில்வர் என்றால் மூன்று பின் பிளக்கும் எர்த்தும் கட்டாயம். பிளக்கில் பெரிய பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னாக மாற்றியிருந்தால் அந்த ஒயரை மாற்றுங்கள். பிளக் சரியாக இருந்தும் அடித்தால் ஹீட்டரில் ஈரம் இறங்கியிருக்கலாம், அல்லது உங்கள் சுவர் பாயிண்டில் எர்த் இல்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் பாயிண்டைப் பார்க்கச் சொல்லுங்கள், குக்கரை அதன் பிறகு என்னிடம் கொண்டு வாருங்கள்.