நீல் தீவில் இரண்டு நாள்: எந்தக் கடற்கரைக்குப் போகலாம், எதை விடலாம்?

ஜனவரியில் மனைவி, ஆறு வயது மகளோடு அந்தமான் போவதாகவும், நீல் தீவில் இரண்டு இரவு தங்குவதாகவும், கூட்டமில்லாத கடற்கரையாக நாலு சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தத் தீவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை அவசரமாகப் போய் ஏமாந்து வந்தேன். அடுத்த முறை நிதானமாகப் போனேன். அதே மணல், அதே கடல், ஆனால் வேறு ஏதோ தீவுக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் எந்தக் கடற்கரைக்குப் போனேன் என்பதல்ல, எத்தனை மணிக்குப் போனேன் என்பதுதான். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பயணத்தில் ஒரு ஏற்பாட்டாளர் எங்களைக் காலையில் அழைத்துப்போய் மாலையில் திருப்பி அனுப்பும்படி திட்டம் போட்டிருந்தார். பதினொரு மணி வாக்கில் பரத்பூர் கடற்கரையில் இறக்கிவிட்டார்கள். கடல் வற்றியிருந்தது. ரொம்ப தூரத்துக்குக் கணுக்கால் ஆழம்தான், அடியில் முழுக்க உடைந்த பவளக் கற்கள். என் மகன் நாலு எட்டு வைத்ததும் பாதத்தைக் கிழித்துக்கொண்டான். மருந்து போட்டு, சாப்பிட்டு, இயற்கைப் பாலம் எனப்படும் பாறை வளைவுக்குப் போனபோது மூன்றரை மணி. இப்போது தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. பாறைகளின் மேல் நடந்துபோகும் வழியே மூழ்கிக்கொண்டிருந்ததால் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். காலையில் பாலம், பிற்பகலில் பரத்பூர் என்று மாற்றிப் போயிருந்தால் இரண்டுமே கிடைத்திருக்கும்.

அங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம். இன்று காலை 8 மணிக்கு வற்றினால் நாளை 8.50 வாக்கில் வற்றும், தினமும் அவ்வளவு தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக உள்வாங்கும், நன்றாக ஏறவும் செய்யும். உங்கள் பயணத் தேதிகளில் கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் இணையத்தில் கிடைக்கும், போர்ட் பிளேருக்கு உரியதைப் பார்த்தாலே போதும். தங்குமிடத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு பிறகு திட்டம் போடுங்கள்.

இன்னொரு கணக்கு சூரியனுடையது. நீல் தீவு கிட்டத்தட்ட நம் புதுச்சேரியின் நேர்கிழக்கே இருக்கிறது. கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், ஆனால் சூரியன் அங்கே ஐம்பது நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும். ஜனவரியில் மாலை 5.10, 5.15 மணிக்கெல்லாம் அஸ்தமனம் முடிந்துவிடும். ஐந்தரைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்தால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

சரி, கடற்கரைகளுக்கு வருகிறேன். தீவில் ஐந்து ஊர்: நீல் கேந்திரா, பரத்பூர், ராம்நகர், சீதாபூர், லக்ஷ்மண்பூர். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய குடும்பங்கள்தான் பெரும்பாலும். ராமாயணப் பெயர்கள் அவர்களோடு வந்தவை. 2011 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகையே மூவாயிரம் சொச்சம். போர்ட் பிளேருக்குக் காய்கறி போவது இங்கிருந்துதான். கடற்கரைக்குப் போகும் சாலையின் இரு பக்கமும் வயல், வாழை, பாக்குத் தோப்பு. ஸ்கூட்டரோ சைக்கிளோ வாடகைக்கு எடுத்தால், தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஸ்கூட்டரில் அரை மணி நேரம்கூட ஆகாது.

உங்கள் மகளுக்காக நான் முதலில் சொல்வது பாலத்தைத்தான். லக்ஷ்மண்பூர் 2 என்று பலகை இருக்கும். உள்ளூரில் ஹவுரா பாலம் என்றும் சொல்வார்கள். பவளப் பாறையைக் கடல் அரித்து உண்டாக்கிய வளைவு அது. எல்லோரும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது போகும் வழிதான். கடல் வற்றியதும் பாறைக் குழிகளில் தண்ணீர் தங்கிவிடும், ஒவ்வொரு குழியிலும் ஒரு குடித்தனம். இரண்டாவது முறை வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், அங்கேயே ஒரு வழிகாட்டியை அழைத்துக்கொண்டோம். அவர் ஒரு குழியருகே உட்காரச் சொன்னார். பாறைக்குள் பதிந்து ஒரு பெரிய சிப்பி, உதடுபோல நெளிந்த ஓரம், மயில் கழுத்து நீலம். அவர் கையை நீட்டினார், தொடவில்லை. கையின் நிழல் மேலே விழுந்ததும் அந்த நீல உதடு வெடுக்கென்று உள்ளே சுருங்கியது. கையை எடுத்து நாங்கள் அசையாமல் இருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விரிந்தது. என் மகன் அந்த ஒரு குழியை விட்டு எழுந்துவரக் கால் மணி நேரம் ஆனது. கடல் அட்டை, நட்சத்திர மீன், சின்னச் சின்ன நண்டுகள் என்று பார்க்க நிறைய உண்டு. பாறை வழுக்கும். பின்னால் பட்டை வைத்த, பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு போட்டுவிடுங்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள்.

பரத்பூர் படகுத் துறையிலிருந்து நடந்துபோகும் தூரம். கண்ணாடி அடிப் படகு, கடைகள், இளநீர் எல்லாம் அங்கேதான், ஆகவே தீவில் கூட்டம் என்று ஒன்று இருந்தால் அதுவும் அங்கேதான். ஆனாலும் விடாதீர்கள். கடல் ஏறியிருக்கும்போது ஆழமில்லாமல், அலையில்லாமல் குளம்போல நிற்கும், குழந்தையோடு குளிக்க நான் பார்த்தவரை தீவில் அதுவே நல்ல இடம். கடைசிப் படகுக்கு ஆட்கள் கிளம்பியபின் போனால் இன்னும் நல்லது.

லக்ஷ்மண்பூர் 1 அஸ்தமனத்துக்கு. நாலு மணிக்கே போய்விடுங்கள். அகலமான வெள்ளை மணல், கொஞ்சம் நடந்தால் ஆளே இருக்காது. அந்தி நேரத்தில் மணல் ஈ கடிக்கும். கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். கைகாலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனபோது எங்களுக்குக் கடி வெகுவாகக் குறைந்தது.

சீதாபூர் சூர்யோதயத்துக்குச் சொல்லப்படும் இடம். ஜனவரியில் 5.45 வாக்கில் உதயம், ஆறு வயதுக் குழந்தையை அதற்காக எழுப்பவேண்டுமா என்பது உங்கள் முடிவு. அலை கொஞ்சம் முரட்டுத்தனமாக அடிக்கும், அங்கே குளிப்பதை நான் சொல்லமாட்டேன். ஒன்றை விடவேண்டும் என்றால் இதை விடுங்கள்.

நீங்கள் கேட்ட அமைதி இருப்பது ராம்நகரில். பார்க்க என்று தனியாக எதுவும் இல்லை. மரங்கள் மணல்வரை வந்து சாய்ந்திருக்கும், நல்ல நிழல். நாங்கள் வாழைப்பழமும் பிஸ்கெட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முற்பகல் முழுக்க அங்கே இருந்தோம், மொத்தம் ஆறேழு பேர்தான் கண்ணில் பட்டார்கள். இரண்டு நாளில் ஒரு அரை நாளை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள்.

எந்தக் கடற்கரையானாலும் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால், அல்லது ஊர்க்காரர் இன்று இறங்காதீர்கள் என்றால், இறங்கவே வேண்டாம். அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு.

பயணச்சீட்டில் வேறு பெயர் இருக்கிறதே என்று குழம்பாதீர்கள். 2018 டிசம்பரில் தீவின் பெயர் ஷஹீத் தீவு என்று மாறியது. போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பழைய பெயருக்குக் காரணமான ஜேம்ஸ் நீல், 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய பிரிட்டிஷ் தளபதி. சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்கு இருந்த சிலையை எடுக்கச் சொல்லி 1927இல் நம்மவர்கள் சத்தியாகிரகம் செய்து சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி அரசு அதை அங்கிருந்து அகற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. இருந்தாலும் படகுத் துறையில் இன்னும் நீல் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

அப்புறம், கிளிஞ்சல். உங்கள் மகள் கட்டாயம் பொறுக்குவாள். பவளத் துண்டும் பல வகைச் சங்குகளும் வனவிலங்குச் சட்டத்தின்படி எடுத்துவரக் கூடாதவை, விமான நிலையத்தில் பையைப் பார்ப்பார்கள். அங்கே கையிலிருந்து பிடுங்கி அழவைப்பதைவிட, முதல் நாளே மணலில் உட்கார்ந்து ஒரு சங்கைக் காட்டி அவளைக் காத்திருக்கச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி, கொஞ்ச நேரத்தில் அதற்குக் கால் முளைத்து நடக்கத் தொடங்கும், உள்ளே ஒரு நண்டு குடியிருக்கும்.

உங்கள் தேதிகளைக் கீழே எழுதினால், ஏற்ற வற்ற நேரம் பார்த்து எந்த நாளில் எதை முதலில் வைக்கலாம் என்று சொல்கிறேன்.